உங்களுக்குத் தெரியுமா? கருக்கலைப்புச் சட்டம்: எழுதுவது யார், தீர்ப்பது யார்?

அமெரிக்காவில் இந்தக் கேள்வி தேர்தலையே புரட்டிப் போடுகிறது. கருக்கலைப்பைப் பற்றி முடிவு சொல்ல வேண்டியது நீதிமன்றமா, மாநிலச் சட்டமன்றமா? நம் நாட்டில் அதற்கான விடை மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கிறது. கொஞ்சம் டெல்லியில், கொஞ்சம் சென்னைக் கோட்டையில், கொஞ்சம் நம் மதுரை ஒத்தக்கடை ஹைகோர்ட் கிளையில். ஒவ்வொன்றாகப் பொறுக்குவோம்.

பழைய ஏடுகளிலிருந்து

★ கருக்கலைப்பைக் குற்றமாக்கியது நம் ஊர்ச் சட்டமன்றமும் அல்ல, நீதிமன்றமும் அல்ல. வெள்ளைக்காரன் எழுதிய 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம்தான். அதன் 312-ஆம் பிரிவுப்படி, தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு அல்லாமல் கருவைக் கலைத்தால் 3 ஆண்டு வரை சிறை. வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கியிருந்தால் 7 ஆண்டு வரை. கலைத்துவிட்டவருக்கு மட்டுமல்ல, கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் அதே தண்டனைதான்.

★ அந்தப் பிரிவு ஒழிந்துவிட்டது என்று நினைத்தால் தவறு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 88-ஆம் பிரிவாக அப்படியே உட்கார்ந்திருக்கிறது. எண் மாறியது, சங்கதி மாறவில்லை. இன்றைக்கும் நம் நாட்டில் கருக்கலைப்பு அடிப்படையில் குற்றம்தான். 1971-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் நிபந்தனைகளுக்குள் மருத்துவர் செய்தால் மட்டும் குற்றமில்லை.

★ 1886-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. தன் கருவைத் தானே கலைத்துக்கொண்டதாக ஒரு பெண் மீது குற்றச்சாட்டு. முழுகாமல் இருந்தது ஒரே ஒரு மாதம்தான், அதைப் பிள்ளை என்று சொல்லும்படி உருவம்கூட இல்லை என்று கீழ்க்கோர்ட் அவரை விடுவித்தது. உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. கரு தரித்துவிட்டால் போதும், எத்தனை மாதம் என்பது குற்றத்துக்குத் தேவையில்லை என்றது. சட்டத்தில் இல்லாத தயவை நீதிமன்றம் காட்டாது என்பதற்கு நம் மாகாணத்திலேயே கிடைத்த பழைய சாட்சி இது.

★ அதன் பிறகு 85 ஆண்டுகள் சட்டம் அசையவில்லை. பெரியார் 1930-களிலேயே ‘கர்ப்ப ஆட்சி’ என்ற நூலில், பிள்ளை பெறுவதும் பெறாததும் பெண்ணின் கையில் இருக்க வேண்டும் என்று கர்ப்பத்தடைக்காக வாதாடினார். சட்டப் புத்தகத்துக்கு அந்தப் பேச்சு வந்துசேர வெகுநாளாயிற்று.

★ 1964-இல் மத்திய அரசு ஒரு குழு போட்டது. மகாராஷ்டிர அமைச்சர் சாந்திலால் ஷா அதன் தலைவர். கள்ளத்தனமாகக் கலைக்கப்போய்ப் பெண்கள் சாகிறார்கள், சட்டத்தைத் தளர்த்துங்கள் என்று 1966 டிசம்பரில் அக்குழு அறிக்கை தந்தது. 1969-இல் மக்கள்தொகை அறிஞரும் அமைச்சருமான எஸ்.சந்திரசேகர் மாநிலங்களவையில் மசோதாவைக் கொண்டுவந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர் அவர்.

★ 1971 ஆகஸ்டில் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் ஒப்புதல் பெற்றது. 1972 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘ரோ எதிர் வேட்’ தீர்ப்பு சொன்னது 1973 ஜனவரி 22-இல். நாம் அவர்களுக்கு முந்திவிட்டோம். அவர்களுக்கு வழி திறந்தது நீதிபதிகள், நமக்குத் திறந்தது நாடாளுமன்றம்.

★ ஆனால் அந்தச் சட்டம் பெண்ணுக்கு உரிமை கொடுக்கவில்லை, மருத்துவருக்குப் பாதுகாப்புத்தான் கொடுத்தது. ‘எனக்கு வேண்டாம்’ என்று பெண் சொன்னால் மட்டும் போதாது. உடலுக்கோ மனதுக்கோ கடுமையான பாதிப்பு வரும் என்று மருத்துவர் கருத வேண்டும். பின்னாளில் நீதிமன்றப் படியேறிய வழக்குகள் பலவும் இந்த ஓட்டை வழியாக வந்தவைதான்.

யாருக்கு அதிகாரம்?

★ அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் புரட்டினால், குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. மருத்துவத் தொழிலும் பொதுப் பட்டியல். மக்கள்தொகைக் கட்டுப்பாடும் குடும்பநலமும் 1976-இல் 42-ஆவது திருத்தத்தால் அதே பட்டியலில் சேர்ந்தன. ஆனால் பொதுச் சுகாதாரமும் ஆஸ்பத்திரியும் மாநிலப் பட்டியல். அதாவது சட்டம் டெல்லியுடையது, கட்டிலும் டாக்டரும் தமிழ்நாட்டுடையவை.

★ அப்படியானால் தமிழகச் சட்டமன்றம் தனியாக ஒரு கருக்கலைப்புச் சட்டம் இயற்ற முடியுமா? ஏட்டளவில் முடியும். மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் 254-ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அந்த வழி மதுரைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த வழி. 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடுத்தது. 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் கூட்டம் திரண்டது, சட்டமன்றம் திருத்தச் சட்டம் நிறைவேற்றியது, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வந்தது. 2023 மே 18-இல் அந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வே சொல்லிவிட்டது.

★ ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. காளைக்காக ஊரே தமுக்கத்தில் உட்கார முடிந்தது. தனக்குக் கருக்கலைப்பு வேண்டும் என்று எந்தப் பெண் தட்டி பிடித்துத் தெருவுக்கு வருவாள்? சேதி பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்றுதான் பஸ் ஏறி வேறு ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். கூட்டம் சேராத இடத்தில் சட்டமன்றத்தின் காது மந்தம். அதனால்தான் இப்பெண்கள் ஒவ்வொருவராக, பெயரை மறைத்துக்கொண்டு, நீதிமன்றக் கதவைத் தட்டினார்கள்.

★ மாநிலச் சட்டமன்றம் வழிகாட்டிய சரித்திரமும் உண்டு. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைக் கட்டுப்படுத்தி முதலில் சட்டம் இயற்றியது நாடாளுமன்றம் அல்ல, மகாராஷ்டிரம். ஆண்டு 1988. அதைப் பார்த்துத்தான் 1994-இல் மத்தியச் சட்டம் வந்தது. அந்தச் சட்டமும் தூங்கிப்போனபோது எழுப்பியது உச்ச நீதிமன்றம். தன்னார்வ அமைப்புகள் 2000-இல் போட்ட பொதுநல வழக்கில், ஸ்கேன் இயந்திரங்களைப் பதிவு செய், கணக்கு வை என்று உத்தரவு மேல் உத்தரவு வந்தது. மாநிலம் முதலில் எழுதியது, மத்திய அரசு நாடெங்கும் பரப்பியது, கோர்ட் ஓட வைத்தது.

★ 1971-ஆம் ஆண்டுச் சட்டம் ‘இந்தியா முழுவதற்கும், ஜம்மு–காஷ்மீர் நீங்கலாக’ என்றுதான் தொடங்கியது. 2019-இல் அந்த விலக்கும் போயிற்று. இன்று குமரி முதல் காஷ்மீர் வரை ஒரே சட்டம். அமெரிக்காவைப்போல மாநில எல்லையைத் தாண்டினால் குற்றம் குற்றமில்லாமல் போகும் நிலை இங்கே இல்லை.

வாரக் கணக்கு

★ டாக்டர் ‘எட்டு வாரம்’ என்று சொன்னால் கரு உண்டாகி எட்டு வாரம் என்று அர்த்தமில்லை. கடைசியாகத் தீட்டு வந்த முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். நாள் தள்ளிப்போச்சே என்று முதன்முதலாகக் கவனிக்கும்போதே கணக்கு நாலு வாரத்தைத் தாண்டியிருக்கும். சட்டத்தின் 20 வாரம், 24 வாரம் எல்லாமே இந்தக் கணக்குத்தான்.

★ 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 12 வாரம் வரை ஒரு மருத்துவர், 20 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள், அதற்கு மேல் தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும். கருவின் உறுப்புகள் சரியாக வளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 20 வாரத்தில்தான் எடுக்கப்படுகிறது. முடிவு கைக்கு வரும்போது சட்டத்தின் கதவு மூடியிருக்கும். சட்டம் எழுதிய காலத்தில் இந்த ஸ்கேனே இல்லை. விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது, சட்டம் நின்ற இடத்திலேயே நின்றது.

★ 2008-இல் ஒரு மும்பைத் தம்பதியர் பம்பாய் உயர் நீதிமன்றம் போனார்கள். 20 வாரம் கடந்தபின்தான் கருவின் இதயக் கோளாறு தெரியவந்தது. நீதிமன்றம் அனுமதி மறுத்தது. வரம்பை மாற்றுவது சட்டமன்றத்தின் வேலை, நாங்கள் சட்டத்தைத் திருத்தி எழுத முடியாது என்றது. அந்தப் பேச்சு நாடு முழுக்க எதிரொலித்தது. ஆனால் நாடாளுமன்றம் வரம்பை மாற்ற அதன் பிறகு 13 ஆண்டுகள் ஆயின.

★ அந்த 13 ஆண்டுகளில் வழக்குகள் குவிந்தன. ஒரே மாதிரி மனுவுக்கு ஓரிடத்தில் அனுமதி, இன்னோரிடத்தில் மறுப்பு. 2017-இல் சண்டிகரைச் சேர்ந்த 10 வயதுச் சிறுமிக்கு 32 வாரம் ஆகிவிட்டது என்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மும்பையைச் சேர்ந்த 13 வயதுச் சிறுமிக்கு, ஏறக்குறைய அதே வாரக் கணக்கில், அதே உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. மருத்துவக் குழு என்ன எழுதுகிறதோ அதுதான் தலையெழுத்து என்று ஆனது.

★ 2020 மார்ச் 17-இல் மக்களவையிலும், 2021 மார்ச் 16-இல் மாநிலங்களவையிலும் திருத்த மசோதா நிறைவேறியது. 2021 செப்டம்பர் 24 முதல் நடைமுறை. 20 வாரம் வரை ஒரு மருத்துவர் போதும். 20 முதல் 24 வாரம் வரை குறிப்பிட்ட சில பிரிவினருக்கு இரண்டு மருத்துவர்கள். கருவுக்குப் பெரிய குறைபாடு என்று மருத்துவக் குழு சொன்னால் வார வரம்பே இல்லை.

★ யார் அந்தச் சில பிரிவினர்? பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், 18 வயது நிறையாதவர்கள், கர்ப்ப காலத்தில் கணவனை இழந்தவர்கள் அல்லது விவாகரத்தானவர்கள், மாற்றுத்திறனாளிகள், மனநலம் பாதிக்கப்பட்டவர்கள், கருவில் குறைபாடு உள்ளவர்கள், பேரிடரிலோ நெருக்கடியிலோ சிக்கியவர்கள். வறுமை இந்தப் பட்டியலில் இல்லை.

தீர்ப்புகள் பேசுகின்றன

★ 2009-இல் உச்ச நீதிமன்றம் ஒரு திருப்பத்தைத் தந்தது. சண்டிகரில் அரசு காப்பகத்தில் இருந்த, லேசான அறிவுத்திறன் குறைபாடுள்ள ஓர் ஆதரவற்ற பெண் கர்ப்பமானார். கலைத்துவிடுங்கள் என்றது உயர் நீதிமன்றம். எனக்குப் பிள்ளை வேண்டும் என்றார் அந்தப் பெண். உச்ச நீதிமன்றம் பெண்ணின் பக்கம் நின்றது. பிள்ளை பெறுவதா வேண்டாமா என்ற முடிவு, அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் தனிமனிதச் சுதந்திரத்தின் ஓர் அங்கம் என்றது. அந்த மூவர் அமர்வில் ஒருவர் ஈரோட்டு மாவட்டத்துக்காரரான பி.சதாசிவம். உரிமை என்றால் கலைக்கும் உரிமை மட்டுமல்ல, கலைக்க மறுக்கும் உரிமையும்தான்.

★ இதையே சென்னை உயர் நீதிமன்றம் 1990-களில் சொல்லியிருக்கிறது. 18 வயது நிறையாத ஒரு பெண்ணின் கருவைக் கலைக்க வேண்டும் என்று தகப்பனார் கேட்டார், அந்தப் பெண் மறுத்தாள். அவளைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது நீதிமன்றம்.

★ 2022 செப்டம்பர் 29. கல்யாணமாகாத ஒரு பெண்ணுக்கு 20 வாரம் கடந்த கர்ப்பம். பட்டியலில் நீ இல்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. தாலி இருப்பவளுக்கு ஒரு நியாயம், இல்லாதவளுக்கு ஒரு நியாயமா என்று உச்ச நீதிமன்றம் அந்த வேறுபாட்டைத் தள்ளுபடி செய்தது. 2021 திருத்தத்தில் ‘கணவன்’ என்று இருந்த இடத்தில் ‘துணைவர்’ என்று நாடாளுமன்றமே மாற்றியிருந்ததைக் காட்டித்தான் நீதிபதிகள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். மனைவியைக் கணவன் வன்புணர்ந்து உண்டான கர்ப்பமும் இந்தச் சட்டத்தின் கீழ் வன்புணர்வால் வந்ததாகவே கொள்ளப்படும் என்றும் சேர்த்துச் சொன்னார்கள்.

★ அடுத்த ஆண்டே அதே நீதிமன்றம் பிரேக் போட்டது. 2023 அக்டோபரில் இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவர் வந்தார். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் தீட்டு நின்றது தெரியவில்லை. தெரிந்தபோது 26 வாரம். பிரசவத்துக்குப் பின் வரும் மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். இருவர் அமர்வு முதலில் அனுமதித்தது. பின்னர் எய்ம்ஸ் மருத்துவர் ஒருவரின் கடிதம் வந்ததும் அந்த இரு நீதிபதிகளின் கருத்தே பிரிந்தது. மூவர் அமர்வுக்குப் போய், அக்டோபர் 16-இல் மறுக்கப்பட்டது. காரணம் எளிது: 24 வாரம் கடந்துவிட்டது, சட்டம் சொல்லும் விலக்கு எதிலும் இவர் வரவில்லை. சட்டத்தில் உள்ளதைத்தான் கோர்ட் விரிக்கும், இல்லாததை எழுதாது.

★ கணவனின் சம்மதம் தேவையா? தேவையில்லை. தன்னைக் கேட்காமல் மனைவி கருக்கலைப்புச் செய்துகொண்டார் என்று நஷ்டஈடு கேட்ட ஒரு கணவரின் வழக்கைப் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் 2011-இல் தள்ளியது. 2017-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

★ கருக்கலைப்புக்கான சம்மதப் படிவத்தின் பெயர் ‘படிவம் சி’. ஒரு பக்கம்தான். பெயர், இன்னாரின் மகள் அல்லது மனைவி, வயது, முகவரி, எந்த ஆஸ்பத்திரியில் என்ற விவரம், நாள், கையெழுத்து. பெண் மைனராகவோ மனநலம் பாதிக்கப்பட்டவராகவோ இருந்தால் காப்பாளர் நிரப்பக் கீழே தனியாக ஓர் இடம். கணவன் கையெழுத்துக்கு அந்தத் தாளில் கோடே கிடையாது. ‘வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா’ என்று கவுண்டரில் சொல்வது பழக்கம், சட்டமல்ல.

ஒத்தக்கடையில் ஒரு மனு

★ உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் கன்னியாகுமரிக்காரர் ஒரு ரிட் மனு போடச் சுமார் 700 கிலோமீட்டர் சென்னைக்குப் போக வேண்டும். வாரம் எண்ணிக்கொண்டிருக்கும் கர்ப்பிணிக்கு இந்தத் தூரம் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. யானைமலை அடிவாரத்தில் கோர்ட் வந்தது தென்மாவட்டப் பெண்களுக்கு நேர்ந்த ஒரு நல்ல காரியம்.

★ அங்கே பதிவாகும் ரிட் மனுக்களின் எண்ணோடு ‘எம்.டி’ என்ற எழுத்துகள் சேர்ந்திருக்கும். மதுரை என்பதன் அடையாளம். இத்தகைய வழக்குகளில் மனுதாரரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எக்ஸ்’ என்ற எழுத்துதான் இருக்கும். எதிர்மனுதாரர்களாக மாவட்ட ஆட்சியர், அரசு மருத்துவமனை டீன், மகளிர் காவல் நிலைய இன்ஸ்பெக்டர் போன்றவர்கள் வருவார்கள்.

★ மனு எடுக்கப்பட்டதும் நீதிபதி முதலில் கேட்பது மருத்துவக் குழுவின் அறிக்கை. மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர், ஸ்கேன் நிபுணர் ஆகியோர் குழுவில் கட்டாயம். பெண்ணைப் பரிசோதித்து, கரு எத்தனை வாரம், இப்போது கலைத்தால் தாய்க்கு ஆபத்தா, கலைக்காவிட்டால் ஆபத்தா என்று எழுதித் தர வேண்டும். விதிப்படி மூன்று நாளுக்குள் கருத்து, மனு கொடுத்த ஐந்து நாளுக்குள் கருக்கலைப்பு. சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் கீழ் வரும் வழக்காக இருந்தால் இன்னொரு வரியும் உத்தரவில் இருக்கும்: கருவின் திசுவைப் பாதுகாத்து மரபணுச் சோதனைக்கு அனுப்புக. குற்றவாளியைக் கூண்டில் நிறுத்த அது சாட்சி.

★ 20 வாரத்துக்குள் இருக்கும் பாலியல் வன்முறை வழக்குகளில் கோர்ட்டுக்கு வரவே வேண்டியதில்லை என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 2019 ஜூனில் தெளிவாகச் சொன்னார். சட்டமே அனுமதிக்கும் ஒன்றுக்குக் கோர்ட் உத்தரவு வாங்கிவா என்று அனுப்பினால், போய்வரும் நாளில் வாரம் கூடிவிடும். சட்டமும் சரி, தீர்ப்பும் சரி. இடறுவது ஆஸ்பத்திரி வாசலில்.

★ போக்சோ சட்டப்படி சிறுமி கர்ப்பமானால் மருத்துவர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். இதற்குப் பயந்தே எத்தனையோ சிறுமிகள் மெடிக்கல் ஷாப்பையும் போலி டாக்டரையும் நாடினார்கள். சிறுமியோ காப்பாளரோ கேட்டுக்கொண்டால் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடாமலே தகவல் தரலாம் என்று 2022 தீர்ப்பு வழி செய்தது. பெண்ணின் பெயரை வெளியே சொல்லும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை என்பது 2021 திருத்தத்திலேயே இருக்கிறது.

உசிலம்பட்டி சொல்லும் பாடம்

★ மதுரைச் சமவெளியில் இந்தப் பேச்சை எடுத்தாலே உசிலம்பட்டி நினைவுக்கு வரும். 1986-இல் ‘இந்தியா டுடே’ அட்டைப்படக் கட்டுரை மூலம் அந்த வட்டாரத்துப் பெண் சிசுக்கொலை நாடறிந்தது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களுக்கு வந்தது. இடையே 1994-இல் இதையே பேசிய பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ படம் வந்தது. சிசுக்கொலையைத் தடுப்பதில் கோர்ட்டைவிட, நாடாளுமன்றத்தைவிட, மாநில அரசும் கிராமத்து நர்சம்மாவும் செய்த வேலைதான் அதிகம்.

★ எல்லா ஸ்கேன் சென்டரிலும் ‘கருவின் பாலினம் இங்கே தெரிவிக்கப்படாது’ என்று பலகை மாட்டுவது கட்டாயம். சொன்னால் 3 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் பெண் கருவென்று பார்த்துக் கலைப்பது வேறு, சட்டப்படி கருக்கலைப்பு வேறு. முன்னது குற்றம், பின்னது மருத்துவச் சேவை. இரண்டையும் குழப்பிக்கொண்டு, ‘கேஸாகிவிடும்’ என்று நியாயமான பெண்ணைத் திருப்பி அனுப்புகிற பயம் இன்னும் தீரவில்லை.

★ அப்படித் திருப்பி அனுப்பினால் பெண்கள் என்ன செய்கிறார்கள்? 2015-இல் இந்தியாவில் சுமார் 1.56 கோடி கருக்கலைப்புகள் நடந்தன என்று ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ ஆய்வு மதிப்பிட்டது. அதில் 73 சதவீதம் ஆஸ்பத்திரிக்கு வெளியே, மாத்திரை வாங்கிப் போட்டுச் செய்தவை. கோர்ட் படியேறுவது ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. மருந்துச் சீட்டு இல்லாமல் இந்த மாத்திரையை விற்பது சட்டப்படி தவறு.

கடல் கடந்து

★ அமெரிக்கா: 2022 ஜூன் 24-இல் ‘டாப்ஸ்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் தன் 49 ஆண்டுப் பழைய ‘ரோ எதிர் வேட்’ தீர்ப்பையே கிழித்தது. இனி மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. பல மாநிலங்கள் உடனே தடைபோட்டன. ஆனால் குடியரசுக் கட்சியின் கோட்டையான கான்சாஸில் அதே ஆண்டு ஆகஸ்டில் நடந்த பொதுவாக்கெடுப்பில் மக்கள் உரிமையின் பக்கம் நின்றார்கள். நீதிபதி கொடுத்ததை நீதிபதியே பறிக்க முடியும் என்பது பாடம்.

★ அயர்லாந்து: 2012 அக்டோபரில் கால்வே நகர மருத்துவமனையில் கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர் கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, நச்சுக்குருதியால் இறந்தார். 2018 மே 25-இல் பொதுவாக்கெடுப்பு. 66 சதவீதம் பேர் தடையை நீக்க வாக்களித்தார்கள்.

★ இலங்கை: 1883-ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவையின் 303-ஆம் பிரிவு இன்றும் அப்படியே. தாயின் உயிர் காக்க மட்டும் அனுமதி. வன்புணர்வுக்கும் விலக்கில்லை. 1995-இல் தளர்த்தப் பார்த்தார்கள், நாடாளுமன்றத்தில் எதிர்ப்புக் கிளம்பியதும் கைவிட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கும் மதுரைப் பெண்ணுக்கும் நடுவே ஒரு நீரிணைதான்; சட்டத்திலோ ஒரு நூற்றாண்டு.

★ சிங்கப்பூர் 1969-இலேயே நாடாளுமன்றச் சட்டம் இயற்றியது. மலேசியா 1989-இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தி, தாயின் உடல்நலமோ மனநலமோ பாதிக்கப்படும் என்றாலும் மருத்துவர் செய்யலாம் என்றது. கனடாவில் 1988-இல் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தை ரத்து செய்தது. அதன் பிறகு அங்கே இதற்கென்று குற்றவியல் சட்டமே இல்லை. பிரான்ஸ் 2024 மார்ச் 4-இல் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்துவிட்டது.

ஆக, யார் முடிவு செய்வது?

★ சட்டத்தை எழுத வேண்டியது மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம்தான். 1971-உம் 2021-உம் கொடுத்ததை எந்தத் தீர்ப்பும் கொடுத்துவிடவில்லை. ஆனால் மன்றம் தூங்கிய ஆண்டுகளில் கதவைத் திறந்துவைத்தது நீதிமன்றம். அந்தக் கதவு சாத்தப்படக் கூடாது. மாநில அரசு எழுத வேண்டியது புதுச் சட்டம் அல்ல. பெரியாஸ்பத்திரியில் நேரத்துக்குக் கூடும் மருத்துவக் குழு, வட்ட மருத்துவமனையில் பயிற்சி பெற்ற டாக்டர், கணவன் கையெழுத்துக் கேட்காத கவுண்டர், இவற்றுக்கான உத்தரவு. அவை சரியாக நடந்தால் ஒத்தக்கடைக்கு வரும் மனுக்கள் தானாகக் குறையும்.

★ உங்கள் வீட்டுப் பெண்ணுக்கோ பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கோ இந்த நிலை வந்தால் நாள் கடத்தாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை கேட்காமல் நேராக அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104, சிறுமி என்றால் 1098, பெண்கள் உதவிக்கு 181. கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தால் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. ஆஸ்பத்திரியில் காரணமில்லாமல் திருப்பி அனுப்பினால், திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு கொடுங்கள். பெண்ணின் பெயரை மட்டும் அதில் எழுத வேண்டாம்.